வளைவில் 'டக் டக்' சத்தம்: ஜாயிண்ட்டை மட்டும் மாற்றுவதா, ஷாஃப்ட்டையே மாற்றுவதா?

ஏற்காட்டைத் தாண்டி ஒரு கிராமத்தில் கொஞ்சம் காபியும் மிளகும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவரிடம் இருப்பது 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார். முன்சக்கர இழுவை, சாதாரண கியர் பெட்டி, 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரம் ஒருமுறை அம்மாவைச் சிகிச்சைக்காகச் சேலத்துக்குக் கூட்டி வருகிறார். திரும்பும்போது மளிகை, சில வாரம் உர மூட்டை என்று வண்டி நிறைந்துவிடும். மூன்று மாதமாகக் கொண்டை ஊசி வளைவுகளில், குறிப்பாக இடதுபக்கம் முழுசாக ஒடித்து ஏறும்போது, முன்னாலிருந்து 'டக் டக் டக்' என்று சத்தம். நேர் சாலையில் ஒன்றும் இல்லை.

மூன்று இடத்தில் காட்டியிருக்கிறார். ஏற்காட்டு மெக்கானிக், "சிவி ஜாயிண்ட் பூட் கிழிஞ்சிருக்கு, புதுசு போட்டு கிரீஸ் அடைச்சா போதும்" என்று 1,200 ரூபாய் சொன்னார். (எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு ஷாஃப்ட், அதன் முனையிலுள்ள மூட்டு ஜாயிண்ட், மூட்டை மூடும் ரப்பர் உறை பூட். விவரம் பின்னால் வருகிறது.) சேலத்தில் ஒரு ஷெட்டில் வெளி ஜாயிண்ட்டை மாற்றச் சொல்லி, கூலியோடு 5,800 ரூபாய். அதே ஷெட்டில் ரீகண்டிஷன், அதாவது பழசைச் செப்பனிட்ட ஷாஃப்ட் என்றால் 4,500. கம்பெனி சர்வீஸ் சென்டரில், இரண்டு பக்கமும் முழு டிரைவ் ஷாஃப்ட் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது என்று 27,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். வெளியே வேலை செய்தால் இன்சூரன்ஸ் செல்லாமல் போகும் என்றும் சொல்லி அனுப்பினார்களாம். "பழைய வண்டிக்கு எதுக்குச் செலவு, தள்ளிவிடுங்க" என்கிறார் மச்சான். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரம் கழன்று பள்ளத்தில் போய்விடுமோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "இப்போதைக்கு இறக்கத்தில் நியூட்ரலில்தான் இறங்குகிறேன். அப்படி விட்டால் ஜாயிண்ட்டுக்கு வேலை இல்லை, சத்தமும் வருவதில்லை."

வணக்கம் சார். உங்கள் கேள்வி பணத்தைப் பற்றியது. ஆனால் நான் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நியூட்ரலில் இறங்குவதை இன்றோடு நிறுத்துங்கள்

நீங்கள் சொல்வது ஒரு வகையில் சரிதான். நியூட்ரலில் ஜாயிண்ட் மேல் இழுவை இல்லை, அதனால் சத்தம் இல்லை. ஆனால் நீங்கள் காப்பாற்றுவது சில ஆயிரம் ரூபாய் பெறும் ஒரு ஜாயிண்ட்டை. அதற்காகப் பணயம் வைப்பது பிரேக்கை. ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறைய 1,200 மீட்டர் இறக்கம். அவ்வளவு வேகத்தையும் பிரேக் பேட் மட்டுமே தேய்த்துத் தேய்த்து அடக்க வேண்டும் என்றால், பேடும் டிஸ்க்கும் சூடேறிப் பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் பழசாகி ஈரம் இழுத்திருந்தால் அந்தச் சூட்டில் உள்ளே ஆவி கட்டும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அது நடப்பது பெரும்பாலும் கீழ் வளைவுகளில், 'இனி அடிவாரம்தான்' என்று மனசு லேசாகும் நேரத்தில்.

எந்த கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்குங்கள். உங்கள் வண்டிக்குப் பெரும்பாலும் இரண்டாவது கியர், கூர்மையான வளைவில் முதல் கியர். ஜாயிண்ட் கெட்டுப்போகுமே என்ற கவலை வேண்டாம். எஞ்சின் வண்டியைப் பிடித்து இறக்கும்போது ஜாயிண்ட்டில் விழும் சுமை, முழு லோடோடு ஏறும்போது விழுவதைவிட ரொம்பக் குறைவு. அதுவும் ஜாயிண்ட்டுக்குள் எஃகுக் குண்டு ஓடும் பள்ளத்தின் மறுபக்கச் சுவரில் விழுகிறது. உங்கள் ஜாயிண்ட்டில் தேய்ந்திருப்பது ஏற்றத்தில் அழுத்தம் வாங்கும் பக்கம்.

இந்த வேலைக்காக வண்டி ஷெட்டுக்குப் போகும்போது பிரேக் பேட், டிஸ்க், பிரேக் ஆயில் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் நியூட்ரலில் இறங்கிய வண்டியில் பேட் கண்ணாடி மாதிரிப் பளபளத்துப் போயிருக்கலாம். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது

எஞ்சின் சுழற்சியைக் கியர் பெட்டியிலிருந்து முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டுதான் டிரைவ் ஷாஃப்ட். உங்கள் வண்டியில் இடது ஒன்று, வலது ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு ஜாயிண்ட்: கியர் பெட்டிப் பக்கம் உள் ஜாயிண்ட், சக்கரத்துப் பக்கம் வெளி ஜாயிண்ட். சக்கரம் திரும்பியபடியே சுழல வேண்டியிருப்பதால் அதிகம் பாடுபடுவது வெளி ஜாயிண்ட்தான். அதற்குள் ஆறு எஃகுக் குண்டுகள், அவை ஓட வளைந்த பள்ளங்கள், குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு. எல்லாவற்றையும் கிரீஸோடு மூடி வைத்திருப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. அதுதான் பூட்.

ஜாயிண்ட் தானாகக் கெட்டுப்போவது அரிது. முதலில் போவது பூட்தான். ரப்பர் வெடிக்கும், சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கும், சாலைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ரிம்மின் உட்புறத்திலும் பிரேக் காலிப்பர் மேலும் கறுப்பாகக் கிரீஸ் அப்பி, அதன் மேல் செம்மண் படிந்து காய்ந்திருந்தால் பூட் போய் நாளாகிவிட்டது என்று அர்த்தம். உங்களுக்கு மூன்று மாதமாகச் சத்தம் கேட்கிறது. அப்படியென்றால் பூட் கிழிந்தது அதற்கும் முன்னால்.

ஏற்காட்டு மெக்கானிக் எந்தப் பக்கம் பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. இடதுபக்கம் ஒடிக்கும்போது சத்தம் என்றதும் பலர் இடது சக்கரத்தைக் கழற்றுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி வலதுபக்கம்தான், ஏனென்றால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தில்தான் பாரம் சாய்கிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். சத்தம் இரும்பு வழியாக ஓடி ஏமாற்றும். ஒரு காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டம் அடித்துப் பாருங்கள். அப்புறம் மறுபக்கம் ஒடித்து, அப்புறம் ரிவர்ஸில். எந்தப் பக்கம் ஒடித்தால் அதிகம் என்று குறித்துக்கொண்டு போனால் மெக்கானிக்குப் பாதி வேலை மிச்சம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நேர் சாலையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வண்டி முன்பக்கம் உதறுகிறதா? உதறினால் உள் ஜாயிண்ட்டும் போயிருக்கலாம், கணக்கே மாறும். திருப்பாமல் ஓடும்போதே 'ஊ...' என்று வேகத்தோடு கூடும் இரைச்சல் வந்தால் அது வீல் பேரிங், வேறு கதை. உங்கள் கடிதத்தில் இரண்டும் இல்லை. அதனால் வெளி ஜாயிண்ட் ஒன்று என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

1,200 ரூபாய் வைத்தியம்

பூட் கிழிந்த புதிதில், சத்தம் இல்லாதபோது, ஜாயிண்ட்டைக் கழற்றிக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, புது பூட் போடுவது நல்ல வேலை. சிக்கனமும்கூட. ஆனால் சத்தம் வந்த பிறகு அது பலிக்காது. கிரீஸில் மண் கலந்தால், குண்டு ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தை அரைக்கிறது. இப்படிப்பட்ட ஜாயிண்ட்டைப் பிரித்தால் கறுத்து வழவழப்பாக இருக்க வேண்டிய கிரீஸ் பழுப்பாகி, விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். துணியால் துடைத்துவிட்டுப் பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரில் நகத்தை ஓட்டினால் ஓர் இடத்தில் தடுக்கும். அந்தக் குழியில் குண்டு விழுந்து எழும் சத்தம்தான் உங்களுக்குக் கேட்பது. புது கிரீஸ் அந்தச் சத்தத்தைச் சில வாரம் அமுக்கி வைக்கும், குழியை நிரப்பாது. பள்ளத்தின் மேல்பரப்பு கடினப்படுத்திய எஃகு, தேய்ந்தது தேய்ந்ததுதான்.

லேத்தில் கொடுத்து வெல்டு வைத்துக் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வெல்டிங் சூட்டில் எஃகின் கடினம் போய்விடும், ஏற்றத்தில் முறியும்.

பழைய ஷெட்களில் இன்னொரு தந்திரம் உண்டு: இடது ஜாயிண்ட்டை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போடுவது. பக்கம் மாறும்போது சுழலும் திசை மாறுகிறது, தேயாத பக்கச் சுவர் வேலைக்கு வருகிறது, சத்தம் போய்விடும். கேட்கச் சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது, சில வண்டிகளில் கொஞ்ச நாள் பலிக்கவும் செய்யும். சமவெளியில் கடைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற வண்டி என்றால் நானே ஒன்றும் சொல்ல மாட்டேன். வாரம் ஒருமுறை அம்மாவை ஏற்றிக்கொண்டு மலை இறங்கும் வண்டிக்கு இது வேண்டாம்.

27,500 ரூபாய் வைத்தியம்

முழு ஷாஃப்ட் மாற்றுவது தவறு என்று சொல்ல மாட்டேன். கம்பெனியில் பூட், கிளிப், கிரீஸ் எல்லாம் அடைத்து வந்த புது ஷாஃப்ட்டில் மெக்கானிக்கின் கைப்பிழைக்கு இடம் குறைவு. உள் ஜாயிண்ட்டும் ஆடினால், ஷாஃப்ட் முனையில் கோத்துப் பிடிக்கும் பல் தேய்ந்திருந்தால், தண்டில் துரு தின்ற குழி இருந்தால் முழுசாக மாற்றுவதுதான் சரி.

ஆனால் 'ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் போன்றவற்றை ஜோடியாக மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் அதிகமாகப் பிடித்தாலோ எழும்பினாலோ வண்டி இழுக்கும். டிரைவ் ஷாஃப்ட் அப்படியல்ல. புதுசும் பழசும் ஒரே சுழற்சியைத்தான் கடத்துகின்றன. மறுபக்க ஜாயிண்ட்டில் ஆட்டம் இல்லை, பூட்டில் வெடிப்பு இல்லை என்றால் அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. வெடிப்பு தெரிகிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால், அந்தப் பக்கத்துக்குத்தான் பூட் மாற்றும் 1,200 ரூபாய் வேலை. ஏற்காட்டு மெக்கானிக் சொன்ன வைத்தியம் தவறல்ல, அதைச் செய்ய வேண்டிய பக்கம்தான் வேறு.

எஸ்டிமேட்டை எடுத்து வரி விகிதத்தையும் ஒருமுறை பாருங்கள். உதிரிபாகத்துக்கு 28% என்று போட்டிருந்தால் அது பழைய கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18%தான்.

ரீகண்டிஷன் 4,500

முறையாகச் செய்தால் ரீகண்டிஷன் என்பது பள்ளங்களைத் துல்லியமாகச் சாணை பிடித்து, அதற்கேற்ற அளவில் கொஞ்சம் பெரிய குண்டுகள் போட்டு, புது பூட்டோடு அடைப்பது. அப்படிச் செய்யும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் ஷெட்டில் ரீகண்டிஷன் என்று கொடுப்பதில் பல, கழுவி, பெயிண்ட் அடித்து, புது பூட் மாட்டியவை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். "குண்டு மாத்தினீங்களா, என்ன அளவு போட்டீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தயங்காமல் வந்தால் யோசிக்கலாம். "அதெல்லாம் பாத்துத்தான் சார் பண்ணியிருக்கு" என்று வந்தால் விட்டுவிடுங்கள். புது ஜாயிண்ட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் 1,300 ரூபாய்தான்.

காயலான் கடையிலிருந்து வரும் பழைய ஷாஃப்ட்டும் அப்படியே. எந்த வண்டியில், எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

என் பரிந்துரை

சேலம் ஷெட் சொன்ன 5,800 ரூபாய் வேலை. சத்தம் வரும் பக்கம் மட்டும், புது வெளி ஜாயிண்ட், அதோடு புது பூட். ஒரே ஒரு நிபந்தனை: வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஷாஃப்ட்டைக் கழற்றி, உள் ஜாயிண்ட்டையும் பற்களையும் உங்கள் கண் முன்னால் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். போனில் பேசி முடிவு செய்யும் விஷயம் இல்லை இது. கழற்றிய பிறகு உள் ஜாயிண்ட்டும் போயிருந்தால், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் புது ஷாஃப்ட். சர்வீஸ் சென்டர் கணக்கில் பாதி, அதாவது 14,000 ரூபாய்க்குள் முடியும்.

புது ஜாயிண்ட் வந்த பெட்டியைத் திறந்து பார்க்கும்போது பற்களின் எண்ணிக்கை பழையதோடு பொருந்துகிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால், சில மாடல்களில் வெளி ஜாயிண்ட்டின் மேல் பல் வளையம் ஒன்று இருக்கும். புதிதிலும் அது இருக்க வேண்டும், பல் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியத் தொடங்கும். எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். உங்களுடையது 2013 மாடல் என்பதால் அது இல்லாத வேரியண்ட்டாகவும் இருக்கலாம்.

வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள்

நல்ல ஜாயிண்ட்டையும் மோசமான கை ஒரே வருடத்தில் கெடுத்துவிடும். நான் கவனிக்கச் சொல்வது இவற்றைத்தான்.

கிரீஸ்: ஜாயிண்ட் பெட்டியிலேயே பாக்கெட்டில் வரும். கறுப்பாக, மாலிப்டினம் கலந்தது. அந்தப் பாக்கெட் முழுவதும் உள்ளே போக வேண்டும். டப்பாவில் இருக்கும் மஞ்சள் வீல் பேரிங் கிரீஸை அள்ளிப் போட விடாதீர்கள்.

கிளிப்: பூட்டின் இரு முனைக்கும் உலோகக் கிளிப், அதற்கென்று உள்ள இடுக்கியால் இறுக்கியது. கட்டுக்கம்பி வேண்டாம், பிளாஸ்டிக் டையும் வேண்டாம். உங்கள் பழைய பூட் கிழிந்ததற்கே இது காரணமாக இருந்திருக்கலாம்.

ஹப் நட்: ஷாஃப்ட்டின் நுனியில் சக்கரத்து நடுவே இருக்கும் பெரிய நட். பல வண்டிகளில் ஒருமுறை தட்டி மடக்கிய நட்டைத் திரும்பப் போடக் கூடாது, புதுசு வேண்டும். எவ்வளவு இறுகுகிறது என்று அளந்து இறுக்கும் டார்க் ரென்ச்சில், அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட அளவில் இறுக்க வேண்டும். அது இறுகும் முன் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டினால் வீல் பேரிங் அடிபடும். ஷாஃப்ட் கழற்றும்போது நுனித் திருகில் நேராகச் சுத்தியல் போடுவதையும் பார்த்தால் தடுத்துவிடுங்கள்.

ஷாஃப்ட்டை உருவும்போது கியர் ஆயில் கொஞ்சம் ஒழுகும். அளவு பார்த்து நிரப்ப வேண்டும். அந்த இடத்து ஆயில் சீல் சின்ன விலை. கழற்றிய கையோடு மாற்றிக்கொள்வது நல்லது. ஷாக் அப்சார்பர் போல்ட்டுகளைத் திறந்து வேலை செய்திருந்தால் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.

உடைந்தால் என்ன ஆகும்

சக்கரம் கழன்று ஓடிவிடும் என்ற பயம் தேவையில்லை. சக்கரத்தைத் தாங்குவது ஹப்பும் பேரிங்கும். ஜாயிண்ட் உள்ளே சிதறினாலும் சக்கரம் பொதுவாக இருக்கும் இடத்தில்தான் இருக்கும். சத்தம் வந்துவிட்டதால் அடுத்த வளைவிலேயே உடைந்துவிடும் என்றும் இல்லை. சமவெளியில் இந்தச் சத்தத்தோடு மாதக்கணக்கில் ஓடும் வண்டிகள் சேலத்தில் எத்தனையோ.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. உங்களுடையது போன்ற வண்டியில் ஒரு பக்க ஷாஃப்ட் போனால் இழுவை மொத்தமும் போய்விடும். இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிஃபரன்ஷியல், சுழற்சி முழுவதையும் தடை இல்லாத உடைந்த பக்கத்துக்கே அனுப்பிவிடும். நல்ல பக்கச் சக்கரத்துக்கு ஒன்றும் வராது. ஏற்றத்தில் என்றால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது, பின்னால் சறுக்கப் பார்க்கும். இறக்கத்தில் என்றால் எஞ்சின் பிடிப்பு ஒரே நொடியில் காணாமல் போகும். கியரில் இருந்தும் நியூட்ரலில் ஓடுவது போலத்தான். முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது. அந்த நேரத்தில் உங்களிடம் இருப்பது கால் பிரேக்கும், பின்சக்கரத்தில் பிடிக்கும் கை பிரேக்கும் மட்டும். பிரேக் சூடேறாமல் இருந்தால் ஓரமாக நிறுத்திவிடலாம். அதனால்தான் முதலில் நியூட்ரலைப் பற்றி அவ்வளவு எழுதினேன்.

வேலை முடியும்வரை உர மூட்டை ஏற்றாதீர்கள். முழு லோடு, முழு ஒடிப்பு, முதல் கியர் மூன்றும் சேரும் இடத்தில்தான் ஜாயிண்ட் உடையும். வளைவில் நிறுத்தி மறுபடி எடுப்பது அதற்கு மிகக் கெட்டது. எதிரே பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்னாலேயே, ஸ்டியரிங் நேராக இருக்கும் இடத்தில் காத்திருங்கள். குப்பனூர் வழியில் கொண்டை ஊசி குறைவு என்று அந்தப் பக்கம் போக நினைத்தால், அங்கே சரிவு அதிகம். பிரேக்கைச் சரிபார்க்கும்வரை அதுவும் வேண்டாம். அடுத்த வாரம் அம்மாவைப் பஸ்ஸில் கூட்டிப் போக முடியுமானால் அப்படிச் செய்யுங்கள்.

இன்சூரன்ஸ், வாரண்டி, பில்

வெளி ஷெட்டில் ஜாயிண்ட் மாற்றினால் இன்சூரன்ஸ் செல்லாது என்பது மிரட்டல் பேச்சு. சாதாரண மோட்டார் பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் எப்படியும் சேராது, எனவே இந்தச் செலவு எங்கே செய்தாலும் உங்கள் கையிலிருந்துதான். பாலிசி நிபந்தனைகளில் வேறொன்று இருக்கிறது: வண்டியை ஓடும் நிலையில் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்பது. கோளாறு தெரிந்தும் மாதக்கணக்கில் ஓட்டி விபத்து நடந்தால், கேள்வி வருவது அந்த இடத்தில். சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் தேதியோடு உங்கள் கையில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆபத்து இருப்பது தள்ளிப் போடுவதில்தான், எங்கே செய்கிறோம் என்பதில் இல்லை.

வாரண்டி 2013 வண்டிக்கு எப்போதோ முடிந்த கதை. புது வண்டி வைத்திருப்பவர்களுக்காக ஒரு செய்தி: உதிரிபாகங்களை வெளிச் சந்தைக்கு விடாமல் வைத்ததற்காக 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி போய்விடும் என்ற பொத்தாம் பொதுவான நிபந்தனையையும் அது ஏற்கவில்லை. அந்த வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது வேறு விஷயம்.

ஷெட்டில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: பாகத்தின் பெயரும் தயாரிப்பாளர் பெயரும் எழுதிய பில், எத்தனை மாத உத்தரவாதம் என்று அதிலேயே ஒரு வரி, கழற்றிய பழைய ஜாயிண்ட். பில் வேண்டாம் என்றால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். ஆசைப்படாதீர்கள். மூன்று மாதத்தில் சத்தம் திரும்பி வந்து, அவர் கையை விரித்தால், பில் இருந்தால்தான் பேச முடியும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் சொல்லலாம். அதிலும் முடியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். இந்த அளவு தொகைக்குக் கட்டணம் கிடையாது. 5,800 ரூபாய் வேலைக்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் இஷ்டம். பில் கேட்ட வாடிக்கையாளருக்கு வேலை கொஞ்சம் கவனமாக நடக்கும் என்பது மட்டும் என் அனுபவம்.

மச்சான் சொன்னது

அவர் சொல்வதை ஒதுக்கவில்லை. ஆனால் விற்க ஒரு ஜாயிண்ட் காரணமாகாது. உங்கள் ஆர்.சி. பதிவிலிருந்து 15 வருடம், அதாவது 2028 வரை இருக்கிறது. அதற்குப் பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சின் நன்றாக இருந்து, கிளட்ச் நழுவாமல், அடித்தகடு துருப்பிடிக்காமல் இருந்தால், 5,800 ரூபாயில் இந்த வண்டி இன்னும் சில வருடம் உங்களுக்கு உழைக்கும். சத்தத்தோடு விற்கப் போனால் வாங்க வருபவர் முதல் வட்டத்திலேயே கேட்டுவிடுவார். அவர் குறைக்கும் தொகை நிச்சயம் 5,800-ஐ விட அதிகமாக இருக்கும். விற்பதாக இருந்தாலும் சரி செய்துவிட்டு விற்பதே லாபம்.

கிளட்ச்சும் அடுத்து வரப்போகிறது என்று மெக்கானிக் சொன்னால் மட்டும் உட்கார்ந்து மொத்தக் கணக்கு போடுங்கள். கிளட்ச் வேலைக்கும் ஷாஃப்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இரண்டையும் ஒரே தடவையில் செய்தால் கூலியில் ஒரு பகுதி மிச்சம்.

வேலை முடிந்ததும் நேராக மலை ஏறிவிடாதீர்கள். கோரிமேட்டுப் பக்கம் எங்காவது காலி இடம் பார்த்து, முன்பு செய்தது போலவே இருபுறமும் முழுசாக ஒடித்து வட்டம் அடியுங்கள், ரிவர்ஸிலும். அப்புறம் இறங்கி ரிம்மின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சத்தமோ கிரீஸ் ஈரமோ இருந்தால் அப்படியே ஷெட்டுக்குத் திரும்புங்கள். ஒன்றும் இல்லை என்றால் தாராளமாக ஏறலாம். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொருமுறை அதே இடத்தைத் தடவிப் பார்த்தால் போதும்.